ஒரு ஊரின் மேல் பொறாமை

மனிதர்கள் மேல் நான் பொறாமைப்பட்டதுண்டு. பக்கத்து எஸ்டேட் ரைட்டருக்கு முதலாளி புது ஜீப் கொடுத்தபோது எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு ஊரின் மேல், அதுவும் கண்ணால் பார்க்காத ஒரு ஊரின் மேல், வயிறெரிவேன் என்று நினைத்ததே இல்லை. அந்த ஊர் ஜப்பானில் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் கடலோரத்தில் வரும். அதற்கு ஒரு பெயர் உண்டு, என் மனைவி அதைத் திருத்தமாகச் சொல்வாள். நான் சொல்வதில்லை. சொன்னால் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். எனக்கு அது வெறும் ‘அந்த ஊர்’தான்.

எங்கள் ஒரே மகள் அங்கேதான் குடியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலை. மகளின் பிரசவத்துக்கு என் மனைவி புறப்பட்டுப் போனாள். நான் ஏற்காட்டில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களுக்குப் பேர் போடுவது, பறித்த பழத்தை நிறுத்து வாங்குவது, களத்தில் காய்வதைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் தலையில். பழம் சிவந்து தொங்கும்போது ரைட்டர் லீவு கேட்டால் முதலாளி கோபப்படக்கூட மாட்டார், சிரிப்பார். அதனால் சேலத்தைத் தாண்டித் தனியாகப் போயிராதவள் தனியாக விமானம் ஏறினாள். மூன்று மாதம் எப்படிச் சமாளிப்பாளோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். நன்றாகவே சமாளித்துவிட்டாள், அதில்தான் வம்பு ஆரம்பித்தது.

திரும்பி வந்த அன்று அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் ஒவ்வொரு வளைவிலும் அந்த ஊரைப் பற்றியே பேசினாள். பேரனைப் பற்றிக்கூட ஏழாவது வளைவுக்கு மேல்தான் பேச்சு வந்தது.

விடிந்ததும் அந்த ஊரே ஸ்டேஷனை நோக்கி நடக்குமாம். கோட்டுப் போட்டவர்கள், பை மாட்டியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஒருவர் வாய் திறக்க மாட்டாராம். ஆரஞ்சும் பச்சையும் கோடு போட்ட ரயில் வரும், அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு டோக்கியோவுக்குப் போகும். மாப்பிள்ளையும் அதில்தான் போவார். அதற்குப் பிறகு ஊர் காலி. மிச்சம் இருப்பது கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், பருந்துகள், இவள். சைக்கிளின் பக்கவாட்டில் ஒரு கொக்கி வைத்து, அதில் ஆள் உயரப் பலகையைச் சொருகிக்கொண்டு சிலர் கடலுக்குப் போவார்களாம். மார்கழிக் குளிரில் கறுப்பு ரப்பர் உடுப்பு மாட்டி அலைமேல் ஏறி நிற்பார்களாம். மணல் வெள்ளையாக இருக்காது, அடுப்புச் சாம்பல் நிறம். கடலுக்குள் தொப்பி மாதிரி ஒரு பாறை. மேற்கே பார்த்தால் பனி மூடிய அந்தப் பெரிய மலை, காலண்டரில் வருவது போலவே.

“நம்ம மலைக்கு என்ன கொறச்சல்?” என்று கேட்டேன். சேர்வராயன் மலை உச்சியில் குகைக்குள் கோயிலே இருக்கிறது, அங்கே இருக்கிறதா? அவளோ பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வாந்தி எடுத்த ஒரு குழந்தைக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் குறை கண்டுபிடிக்க நான் கொஞ்சநஞ்சமா உழைத்தேன்? தெருக் கம்பங்களில், இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு உயரம் என்று ஒட்டி வைத்திருப்பார்கள், கடல் பொங்கினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள் என்று மகள் ஒருநாள் சொன்னாள். எனக்குப் பரம சந்தோஷம். பார்த்தாயா, எந்நேரமும் ஓடத் தயாராக இருக்க வேண்டிய ஊர், நாம் மலைமேல் கால் நீட்டித் தூங்குகிறோம் என்று மனைவியிடம் ஒரு வாரம் சொல்லிக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே ரசத்துக்குத் தாளித்தாள்.

சாயங்காலம் ஆனால் அந்த ஊரில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுப் போடுவார்கள். பிள்ளைகளே, விளையாடியது போதும், வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தமாம். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே மத்தியானச் சோற்று நேரம். மகள் கூப்பிட்டு போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவாள். இவள் எனக்குச் சாதத்தைப் போட்டுவிட்டு, குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அந்தப் பாட்டு முடியும் வரை நிற்பாள். என் தட்டில் வெறும் சாதம் ஆறிக்கொண்டிருக்கும். ஒரு நகரசபையின் ஒலிபெருக்கிக்கு அடுத்தபடியாகத்தான் எனக்குக் குழம்பு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

காலையில் எழுந்ததும் போனில் அந்த ஊருக்கு மழையா வெயிலா என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து பனி விழுகிறதா என்று பார்ப்பாள்.

கடல் என்றால் இவளுக்கு என்ன புதிதா என்றும் கேட்டேன். வேளாங்கண்ணிக்கு நானே கூட்டிப் போயிருக்கிறேனே. அதற்கு அவள், “பாத்தனுங்க. நீங்களும் பாப்பாவும் குளிச்சீங்க. நா பையையும் செருப்பையும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்” என்றாள். குத்திக்காட்டுகிற குரலில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

இப்படியே ஒரு வருடம் போயிற்று. மகள் மறுபடி வேலைக்குச் சேர்வதாகவும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்தால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னாள். இந்தத் தடவை பறிப்பு முடிந்திருந்தது. நானும் வருகிறேன் என்று அறிவித்தேன். பேரனைப் பார்க்கத்தான் என்று சொன்னேன். உள்ளுக்குள், அந்த ஊரை நேரில் பார்த்து, இவ்வளவுதானா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வர வேண்டும் என்று இருந்தது. மனைவி, “வாங்க” என்றாள். ஒரே வார்த்தை. நான் சேலத்துக்குப் போய் புதுப் பெட்டி வாங்கி வந்தேன்.

அந்த வாரம் மகளிடம் பேசும்போதுதான், நீயும் அம்மாவும் தினமும் கடலுக்குப் போவீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“நா எங்கீங்கப்பா போறது? அம்மா தெனமும் தனியாத்தான் போவாங்க” என்றாள். பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். ஒருநாள் இவள் கடற்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தாளாம். மேலிருந்து ஒரு பருந்து பாய்ந்து கையிலிருந்ததை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கென்று மகள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்ததால் பார்த்திருக்கிறாள். “அம்மா சிரிச்சாங்க பாருங்கப்பா, மண்ணுல ஒக்காந்துட்டாங்க. ஊட்டுக்கு வந்தும் சிரிப்பு நிக்கல. அம்மா அப்பிடிச் சிரிச்சு நா பாத்ததே இல்ல.”

நானும் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து யோசித்துப் பார்த்தேன். புன்னகை உண்டு, வாயைப் பொத்திச் சிரித்ததுண்டு. மண்ணில் உட்கார்ந்து சிரித்ததில்லை. எனக்குக் கிடைக்காத சிரிப்பு ஒரு பருந்துக்குக் கிடைத்திருக்கிறது. அன்று எனக்கு வந்தது நல்ல பொறாமை அல்ல. அந்த ஊரில் கடல் கொஞ்சம் பொங்கினால்கூடத் தேவலாம் என்று நினைத்தேன். மகளும் பேரனும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் அவளை ஏற்காட்டில் சேலம் தெரிகிற பாறைப் பக்கம் கூட்டிப் போனேன். இங்கே இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் போதும், எதிரே வருகிறவர்கள் எல்லோரும், “எங்கீங்க, ரெண்டு பேரும்?” என்று கேட்பார்கள். கேட்காவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம். கோயிலுக்குங்க, ஆஸ்பத்திரிக்குங்க, சும்மாதானுங்க என்று எப்போதும் நான்தான் சொல்வேன். அன்றும் நான்தான் சொன்னேன்.

பாறைக்கு முன்னால் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கி அவள் கையில் கொடுத்தேன். அங்கே குரங்குகள் அதிகம், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். பருந்து பிடுங்கினால் சிரிப்பவள் குரங்கு பிடுங்கினால் சிரிக்க மாட்டாளா? குரங்கும் என் திட்டம் தெரிந்த மாதிரி மரத்திலிருந்து இறங்கி வந்து, பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு கம்பிமேல் உட்கார்ந்தது.

அவ்வளவுதான், என் திட்டம் எனக்கே மறந்துவிட்டது. கத்தினேன், கல்லை எடுத்து வீசினேன். கடித்துவிட்டதா, கீறிவிட்டதா என்று அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொட்டலத்தை இறுக்கிப் பிடிக்கத் தெரியாதா என்று திட்டினேன். வேறு பொட்டலம் வாங்கி, கடைக்காரரின் தகரக் கூரைக்குள் நிற்க வைத்துச் சாப்பிடச் சொன்னேன். அவள் சாப்பிட்டாள். கீழே சேலம் வெயிலில் கிடந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. “அந்தப் பருந்துக்கு அப்பிடிச் சிரிச்சியாமா. இதுக்கு ஏன் சிரிப்பு வல்ல?” என்று கேட்டேன்.

மகள் சொல்லிவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது.

“அங்க நீங்க இல்லீங்க” என்றாள். “இருந்திருந்தா அதயத் தொரத்துவீங்க. எம்பட கையப் பாப்பீங்க. அப்பறம் என்னைய வையுவீங்க. அதுக்குள்ள நா எங்க போயிச் சிரிக்கறது?”

சண்டை போடும் குரலாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பாசத்தோடு சொன்னாள். பாசத்தோடு சொன்னதால் எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. அன்று முழுக்க அந்தப் புதுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மகளிடம், ஒரு டிக்கெட் போதும் கண்ணு என்றேன். பழம் அரைக்கிற இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட வேண்டும், நான் இல்லாமல் நடக்காது என்று ஒரு காரணமும் சொன்னேன். பறிப்பு முடிந்த பிறகு அந்த இயந்திரத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று என் மனைவிக்குத் தெரியும். “நெசமாவாங்க?” என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க அடுப்படிக்குள் போய்விட்டாள். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். என்னைத் தங்கமானவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

புதுப் பெட்டியில் அவள் துணிகளை அடுக்கினாள். மகளுக்குக் காப்பித் தூள், மாப்பிள்ளைக்கு மிளகு, பேரனுக்கு ராகி மாவு. சென்னை விமான நிலையம் வரை கொண்டுபோய் விடுவதற்கு நானும் கிளம்பினேன். காலையில் தலைச்சோலை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். அந்த வழியே பறிப்பு ஆள்களில் ஒரு அம்மாள் விறகுக் கட்டோடு வந்தார்.

“ஏனுங்க, பொட்டியும் கையுமா எங்கீங்க பயணம்?” என்று கேட்டார்.

மகள் ஊட்டுக்குங்க என்று சொல்ல, வழக்கம் போல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

“கடலுக்குங்க” என்றாள்.