புதுச்சத்திரத்துக் கோழிகளும் கிரைண்ட்கோரும்

காலை 7.10. ஆத்தூரில் ராசிபுரம் செல்லும் தனியார் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டிக்கெட் நாற்பது ரூபாய். மடியில் ஓர் ஆல்பத்தின் அட்டை. அதில் ஒரே ஒரு வார்த்தைக்கு இடம் விட்டிருந்தேன். அந்த வார்த்தையால்தான் தினகரனும் நானும் ஆறு வருடம் பேசவில்லை.

சேலத்தில் கல்லூரியில் படித்தபோது நாங்கள் இருவர் மட்டுமே ஓர் இசைக்குழு. அவன் டிரம்ஸும் கித்தாரும், நான் குரல். வாசித்தது கிரைண்ட்கோர். கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன்: பாட்டு அரை நிமிடத்தில் முடிந்துவிடும், டிரம்ஸின் வேகத்தை எண்ண முடியாது, பாடுவது என்றால் அடிவயிற்றிலிருந்து உறுமுவது. என் அம்மா முதல் தடவை கேட்டுவிட்டு எனக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். இந்த இசை பங்க் வகையா, மெட்டல் வகையா என்று அதைக் கேட்கிறவர்களுக்குள் ஓயாத சண்டை உண்டு. நான் பங்க் கட்சி. கோபம் இருந்தால் போதும், கையில் கிடைத்ததைத் தட்டி யாரும் பாடலாம் என்பது என் வாதம். அவன் மெட்டல் கட்சி. வருடக்கணக்கில் பழகாமல் இந்த வேகம் யாருக்கு வரும் என்பான். பதினோரு நிமிட ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்தோம். என்னைக் கேட்காமல் அட்டையில் 'மெட்டல்' என்று அச்சடித்துவிட்டான். நான் குழுவை விட்டே போய்விட்டேன்.

இப்போது நண்பர் ஒருவர் அதை மறுபடி வெளியிடுகிறார். மெட்டல் என்றே இருக்கட்டும் என்று தினகரனிடம் நேரில் சொல்லத்தான் கிளம்பினேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் பிடிவாதத்தை விடச் சிநேகிதன் பெரிது என்று புரிய ஆறு வருடம் ஆகியிருக்கிறது, அதைப் போனில் எப்படிச் சொல்வது?

மங்களபுரம் தாண்டியதும் கண்டக்டர் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"இதென்னங்க, எழுத்தெல்லாம் முள்ளுவேலியாட்ட இருக்குது?"

"பாட்டு ஆல்பங்க."

"கேக்கறதும் இப்படித்தான் இருக்குமுங்களா?"

"இதைவிட மோசங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்.

9.45. ராசிபுரத்தில் வண்டி மாறி, பதினைந்து ரூபாய் டிக்கெட்டில் புதுச்சத்திரம். அங்கிருந்து ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர், எண்பது ரூபாய். தன் முட்டைக்கோழிப் பண்ணை வாசலில் தினகரன் நின்றான். கொஞ்சம் தொப்பை வந்திருந்தது. யோசித்து வைத்திருந்த முதல் வரி எனக்கு மறந்துபோனது. அவன் தரையில் இருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினான்.

"கால நனைச்சுட்டு வா, மேகலா. நோய்க்கிருமி உள்ள வந்துரும்."

ஆறு வருடத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. அவன் மனைவி சுகந்தி டீ கொடுத்தார். "உங்க குரலு எனக்கு நல்லாப் பழக்கமுங்க அக்கா" என்றார். உபசார வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகைக்குள் போகுமுன் தினகரன் தகரக் கதவை மூன்று தரம் மெல்லத் தட்டினான். ஆள் வருவதைச் சொல்லாமல் நுழைந்தால் கோழிகள் மிரளுமாம். மிரண்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும், முட்டையும் குறையும். அதனால் வெளிச்சத்தம் கேட்காமலிருக்கப் பண்ணைகளில் நாள் முழுக்க ரேடியோ ஓடும். இங்கேயும் ஸ்பீக்கரில் ஏதோ தணிவாக ஓடிக்கொண்டிருந்தது. அது என் உறுமல். எங்கள் ஆல்பம்.

"ரேடியோ கெட்டுப்போச்சு. பென் டிரைவ்ல இதுதான் இருந்துச்சு" என்றான், என்னைப் பார்க்காமல். "குஞ்சுல இருந்து இதையேதான் கேக்குதுக. இப்ப வேற போட்டா தீனி எடுக்கறதில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோழிகளுக்கு முன்னால் அழுவதில் பெரிய வெட்கம் ஒன்றுமில்லை.

11.30. மின்சாரம் போனது. பாட்டு நின்றதும் வெளியே தீவன லாரியின் கதவு விழுந்த சத்தம் நேராக உள்ளே வந்தது. நாலாயிரம் கோழிகளும் ஒரே சமயத்தில் இறக்கையடித்துக் கூண்டுகளின் மூலையில் நெருக்கியடித்தன. சுகந்தி ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஓடினார். தினகரன் ஒரு தீவன வாளியைக் கவிழ்த்து விரல்களால் அடிக்க ஆரம்பித்தான். எங்கள் முதல் பாட்டு.

"பாடு மேகலா. ஆனா சத்தத்தக் கொறச்சு."

சத்தம் குறைத்து உறுமுவது எப்படி என்று எந்தக் குழுவும் யோசித்திருக்காது. ஆறு வருடம் உறுமாத தொண்டை முதல் வரியிலேயே கரகரத்தது. இரண்டாவது பாட்டில் இறக்கைச் சத்தம் குறைந்தது. நான்காவது பாட்டில் பக்கத்துக் கோழி ஒன்று தீனியைக் கொத்தத் தொடங்கியது. ஆல்பம் முழுவதையும் பாடி முடித்த பிறகுதான் ஜெனரேட்டர் ஓடியது.

தினகரன் வியர்வையைத் துடைத்தான். "கரண்டு இல்ல, கித்தாரு இல்ல, ஒரு வாளி. நீ சொன்னதுதான் சரி. இது பங்க்தான்."

விட்டுக்கொடுக்கத்தான் வந்திருந்தேன். ஆனாலும் பொறுக்கவில்லை. "போடா. வெறும் வாளியில அந்த வேகம் துளி பிசகாம வந்துச்சு. அது பழக்கம். மெட்டல்தான்."

மதியச் சாப்பாடு முழுக்க, கட்சி மாறி, அதே சண்டை. சுகந்தி ரசம் ஊற்றிவிட்டு, "எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டுமுங்க, பாட்டு நிக்காம இருக்கோணும்" என்றார்.

மாலை 4.20. நிறுத்தத்தில் நின்றிருந்தோம், ராசிபுரம் வண்டி தூரத்தில் தெரிந்தது. அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். தினகரன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"எழுதாத. எழுதிப்போட்டா அப்பறம் நீ எதுக்கு வருவே?"

பேனாவை மூடிவிட்டு ஏறிக்கொண்டேன். ஆத்தூரில் என் வீடு எப்போதும் அமைதியாக இருக்கும், அதை நானே பெருமையாகச் சொல்வதுண்டு. அன்று கதவைத் திறந்ததும் அந்த அமைதி பிடிக்கவில்லை. அந்த இடம் காலியாகவே அட்டை அச்சுக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்துக்கொள்ளட்டும்.