பெயர் எழுதாத ஜெபக் குறிப்பு

எங்கேயாவது யாராவது மைக்கை ஊதிப் பார்த்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஃபூ, ஃபூ. கல்யாண மண்டபமோ கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் சரி. அந்த ஊதலுக்குப் பின்னால் ஒரு குரல் வரும், நான் எழுதிய ஒரு வாக்கியத்தைப் படிக்கும் என்று என் உடம்பு இன்னமும் எதிர்பார்க்கிறது.

திண்டிவனத்தில் ஒரு கிறிஸ்தவச் சபை நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் அப்போது எனக்குச் சுகாதார ஊழியர் வேலை. விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் போவேன். வியாழக்கிழமைகளில் நானும் நர்சும் ஆஸ்பத்திரி வேனில் வல்லம் பக்கத்துக் கிராமங்களுக்குக் கிளம்புவோம். வேறெங்கும் வாய்விட்டுக் கேட்கக் கூசும் பெண்கள், சபையின் பெண்கள் சங்கத்தில் கேட்பார்கள் என்பது திட்டம். பொய்யில்லை, கேட்டார்கள். முதலில் ஒரு பாட்டு, அடுத்து ஜெபம், அதற்கடுத்து கருத்தடை. குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லை ஆராதனையில் உச்சரிக்கப் போதகருக்கு நாக்கு கூசியது. 'குடும்ப ஆசீர்வாதம்' என்று மாற்றிவிட்டார். நோட்டீசிலும் அப்படியே அச்சடித்தோம். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

ஒரு வியாழக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிய செம்மண் நகக்கண்களில் அப்படியே இருந்தது. மூன்று பெண்பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், இன்னொன்றை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"வூட்ல பையன் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்கக்கா. எனக்கு உசுரு வேணும்."

"ஆபரேஷன் பண்ணிக்கலாமே."

"வயித்துல தையல் தெரியும். அவருக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவாரு. வெளிய தெரியாத மாதிரி எதுனா இருந்தா சொல்லுங்க."

"திண்டிவனம் வரணுமே. வூட்ல என்னன்னு சொல்லிட்டு வருவே?"

"சர்ச்சுக்குன்னு சொன்னா மாமியாவே பஸ் ஏத்தி வுடும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

வந்தாள். காப்பர்-டி வைத்தார்கள். பத்து நிமிஷ வேலை. எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, "அவ்ளோதானா? இதுக்கா இத்தினி வருசம் பயந்துக்கினு கெடந்தேன்?" என்றாள். பஸ் ஏறும்போது, சுமை இறங்கியவள் போல, வெறுங்கையை இரண்டு தடவை வீசிக்காட்டினாள். அந்தக் கைவீச்சைப் போல ஒன்றை அதற்குப் பின் நான் பார்க்கவில்லை.

சில நாட்களில் போன் வந்தது. ரத்தம் அதிகமாகப் போகிறது, கழனியில் நிற்க முடியவில்லை என்றாள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், குறையாவிட்டால் வரச் சொல் என்றார் டாக்டர். அந்த வியாழக்கிழமையே இரும்புச்சத்து மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நான் ஜெபத்தை நம்புகிறவள். அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன், கசப்பே அதுதான். திண்டிவனம் சர்ச்சில், வாசலை ஒட்டி, ஜெபக் குறிப்பு எழுதிப் போடும் பெட்டி ஒன்று உண்டு. சீட்டுக் கிழித்து எழுதினேன்: 'வல்லம் பக்கத்துக் கிராமச் சகோதரி ஒருவர், மூன்று பெண்பிள்ளைகளின் தாய், காப்பர்-டி வைத்த பின் ஏற்பட்ட உதிரப்போக்கு நிற்க.' பெயர் எழுதவில்லை. எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் நான் என்று எனக்கே ஒரு நிறைவு.

சனிக்கிழமை அந்தச் சீட்டுகளையெல்லாம் தட்டச்சு செய்து, சுற்றுக் கிராமத்துச் சர்ச்சுகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தந்த ஊர் உபதேசியார் சபைக்கு முன் அதைப் படிப்பார். எனக்குத் தெரியாததா? வருஷக்கணக்காக அந்தப் பட்டியலுக்கு ஆமென் சொல்கிறவள்தானே நான். தெரிந்ததுதான், எழுதும்போது நினைவில் வரவில்லை.

அந்த ஞாயிறு அவள் ஊரில் பெண்கள் ஞாயிறு. தாயின் நலம் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு. அவள் பாயில், மூன்று பிள்ளைகளோடு. வெளியே வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் தெருவைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தது. உபதேசியார் மைக்கை ஊதினார். ஃபூ, ஃபூ. போனைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். ஒருவருக்கு விசா. ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருடைய பிளஸ் டூ பரீட்சை. பிறகு என் வாக்கியம், ஒரு எழுத்து குறையாமல்.

மூன்று பெண்களைப் பெற்று, திண்டிவனம் போய்வந்து, கழனியில் நிற்க முடியாமல் உட்கார்ந்துகொள்கிறவள் அந்த ஊரில் எத்தனை பேர்? தலைகள் வரிசை வரிசையாகத் திரும்பின. அவள் யாரையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த கடைசிக் குழந்தையின் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்க தோஷம், நானும் சொன்னேன்.

ஆராதனை முடிந்ததும் உபதேசியாரிடம் போனேன். "ஐயா, இதையெல்லாம் மைக்ல படிக்கலாமா?"

"வந்ததைப் படிச்சேம்மா. ஆஸ்பத்திரி விஷயமாச்சே, நீங்க எழுதினதாத்தான் இருக்கும்னு நம்பிப் படிச்சேன்" என்றார். அவர் முகத்தில் எந்தக் கெடுதலும் இல்லை. நான் திட்ட வசதியாக யாருமே அங்கே இல்லை.

அவள் புருஷன் சர்ச்சுக்கு வருகிறவன் இல்லை. டீக்கடையில் இருந்திருக்கிறான். ஸ்பீக்கருக்குத்தான் அந்த வித்தியாசம் கிடையாதே. "இன்னாப்பா, ஒன் வூட்டுக்கு சர்ச்சுல பூட்டுப் போட்டுட்டாங்களாமே, சாவி யாராண்ட?" என்று எவனோ கேட்டானாம். கடையே சிரித்ததாம்.

செவ்வாய்க்கிழமை மாமியார் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தாள். புருஷன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான். அவளுடைய கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"கர்த்தர் குடுக்கிறத வேணாங்கறதுக்கு இவ யாரு? நீங்கள்லாம் யாரு? சர்ச்சுன்னு நம்பித்தானே அனுப்புனேன்?" என்றாள் மாமியார்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த போதகர் குறுக்கே வந்தார். "குடும்பத்தைப் பிரிச்சு வெச்சுப் பேசினா நாளைக்கு அந்த ஊருக்குள்ள நம்ம வேனே போக முடியாதும்மா." ஆக, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எடுத்துடுங்க."

வைக்கப் பத்து நிமிஷம். எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி கமிட்டி கூடியது. இனிமேல் புருஷன் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் எதுவும் வைப்பதில்லை என்று தீர்மானம். "சீட்டைச் சத்தமாப் படிக்கிறத நிறுத்தலாமே ஐயா" என்றேன். "ஜெபத்தை எப்படிம்மா நிறுத்தறது?" என்றார் போதகர். மனம் நொந்துதான் சொன்னார். கையெழுத்துப் படிவம் அச்சாகி வந்தது. அதன் தலைப்பில் 'குடும்ப ஆசீர்வாதம்.' வேன் போயிற்று, பாட்டு நடந்தது, ஜெபம் நடந்தது. கூட்டம் கலைந்த பின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க யாரும் வரவில்லை. சில மாதங்களில் நானும் வேலையை விட்டேன்.

அதற்கடுத்த வருஷம் நர்ஸ் போன் செய்தாள். அவளை விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. பிரெட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு ஓடினேன். பிரசவ வார்டில் கட்டிலோடு கட்டிலாக, மஞ்சளாக வெளுத்துக் கிடந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றி, நான்காவது. அதுவும் பெண். ரத்தம் நிற்கவே இல்லையாம். பாட்டில் பாட்டிலாக ஏற்றி, கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துத்தான் டாக்டர்கள் உயிரை மீட்டிருக்கிறார்கள்.

"அவரு வந்தாரா?" என்று கேட்டேன்.

"வந்தாரு. கர்ப்பப்பையை எடுக்கணும்னு பேப்பர நீட்டுனாங்க. ஜல்தியா போட்டாருக்கா கையெழுத்து. பொண்ணுன்னு சொன்னாங்க, அப்புறம் ஆளக் காணோம்." போர்வையைக் கொஞ்சம் விலக்கி வயிற்றுக் கட்டைக் காட்டினாள். "தையல் தெரியக்கூடாதுன்னு சொன்னேனில்ல? பாருங்க." சிரிக்கப் பார்த்தாள். வலித்தது போலிருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சுடும்மா."

அவள் குழந்தையின் துணி நனைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஈரம் இல்லை. மறுபடியும் தடவினாள். பார்வையாளர்களை வெளியே போகச் சொல்லி விசில் ஊதினார்கள். எழுந்தேன். இத்தனை வருஷமும் எந்த நோயாளியின் கட்டிலருகிலிருந்து எழுந்தாலும் என் வாய் சொல்லும் வாக்கியத்தை அன்றும் சொன்னது.

"உனக்காக ஜெபம் பண்ணிக்கினே இருக்கேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பண்ணுங்கக்கா. மனசுக்குள்ளயே பண்ணுங்க."