நாவல் கன்றுக்கு ஊற்றிய கழுநீர்

தொண்ணூற்றாறு பங்குனியில் நான் களக்காடு போனது சாமி கும்பிட அல்ல. என் பேத்தி பூங்கோதை அங்கே மலையடியில் மரக்கன்றுகளை வைத்து ஆராய்ச்சி செய்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்தில் காலை ஆறேகாலுக்கு பஸ். திருநெல்வேலிக்கு முப்பது கிலோமீட்டர், நாலரை ரூபாய். அங்கிருந்து களக்காட்டுக்கு ஏழு ரூபாய், ஒன்றரை மணி நேரம். வலது பக்கம் உட்கார்ந்தால் மலை கூடவே வரும். கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ, பதினைந்து ரூபாய்.

கொட்டகையில், மணல் தொட்டிகளில் இரண்டு வரிசை நாவல் கன்றுகள். ஒரு வரிசைக்குச் சத்துத் தண்ணீர். மற்றதற்கு அதே தண்ணீரில் அலுமினிய உப்பு. அமிலம் கூடி மண் புளித்துப்போனால் அதிலிருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கிவிடுமாம். உரம் பக்கத்திலேயே கிடந்தாலும் கன்றால் உறிஞ்ச முடியாதாம்.

"அலுமினியச் சட்டியிலதான் சோறு வடிக்கோம். நாம என்ன கருகியா போனோம்?" என்றேன்.

"ஆச்சி, நீ சட்டியப் பாரு, நான் செடியப் பாக்கேன்" என்று சிரித்தாள்.

நான் தொட்டால் பட்ட மரமும் தளிர்க்கும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அலுமினியத் தண்ணீர் குடித்து நோஞ்சானாய் நின்ற வரிசையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மூன்று நாள் காலையிலும், அவள் எழும் முன், அரிசி கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றினேன்.

நாலாம் நாள் மணலில் வெள்ளைப் படிவு, எறும்பு, புளித்த கழுநீர் வாடை. தண்ணீர் ஊற்றும் மாடசாமியைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, எட்டு மாச வேலை போச்சு! கழுநீர்ல உள்ள சத்தும் சேந்துட்டு. இனி எது எதால வளந்துதுன்னு எப்படிச் சொல்ல?"

"நான் எதுக்கும்மா ஊத்துதேன்? எனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு?"

"நாளையிலருந்து நீங்க வராண்டாம்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஊற்றியது நான் என்று மறுநாள் பஸ் நிறுத்தத்தில்தான் பேத்தியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"கன்னுகள திரும்பப் போட்டுக்கிடலாம், ஆச்சி. அந்த மனுசன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நீயே வந்து ஒரு வார்த்த சொல்லேன்."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது அவர் வீடு பூட்டிக் கிடந்தது. திசையன்விளைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம்.

போகிறவர்கள் தொப்பியோ குடையோ கொண்டுபோங்கள். தொட்டிகளைத் தொடாதீர்கள். திரும்பும்போது அவசரப்பட வேண்டாம். ஒரு பஸ்ஸை விட்டால் முக்கால் மணி நேரத்தில் அடுத்தது வரும். அன்றைக்கும் அது எனக்குத் தெரியும்.