தீர்த்தம் பட்ட கீபோர்டு

கம்ப்யூட்டர் பொருத்தி விற்கும் தொழிலில் வாடிக்கையாளருக்கு ஒரு வசதி உண்டு: கரண்ட் போனாலும் எங்களைத்தான் திட்டலாம், ஷேர் விழுந்தாலும் எங்களைத்தான் திட்டலாம். உங்களில் யாராவது சொந்தக்காரர் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கே போக முடியாமல் தவித்திருந்தால், உங்களுக்கு என் பாடு புரியும்.

சார் இல்லையா?

டெலிபோன் லைனிலேயே பிராட்பேண்ட் வர ஆரம்பித்த காலம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. உள்ளே வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார் இல்லையா?" என்பார்கள். ஸ்குரூ டிரைவரும் கையுமாகக் கடைக்காரி நான் நிற்கிறேன், இன்னும் எந்தச் சாரைத் தேடுகிறார்களோ! மதர்போர்டை மாற்றிக் கொடுத்து, ஓட்டியும் காட்டிய பிறகு, "எதுக்கும் சார் வந்ததும் ஒரு தடவ பாத்துறச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவரும் உண்டு.

ஸ்டீபன் அண்ணன் அப்படிக் கேட்கவில்லை. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு இரண்டு கால்களும் சூம்பியிருந்தன. சாணார்பட்டியிலிருந்து ஊன்றுகோலோடு தினமும் பஸ் ஏறி வந்து, ஷேர் புரோக்கர் ஆபீசின் இரண்டு மாடிகளையும் ஏறுவார். அங்கே அவர் ஓரமாக உட்கார்ந்து "வாங்கு", "வில்லு" என்று கத்த வேண்டும். அது மேனேஜர் காதில் விழுந்து, அவர் கம்ப்யூட்டரில் தட்டுவதற்குள் விலை ஓடிவிடும். வீட்டிலிருந்தே செய்ய ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். திங்கட்கிழமை முதல் வரமாட்டேன் என்று ஆபீசில் சொன்னாராம். புதன்கிழமையே திரும்பி வருவார் என்று அங்கே எல்லோரும் சிரித்தார்களாம். "எனக்குப் பெரிய மிசினு வேணாம் தாயி. அந்தப் படியில மறுபடி ஏறாம இருக்க ஒரு மிசினு வேணும், அம்புட்டுத்தான்."

மோட்டார் ரூம்

அவருக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தவர் தொப்பம்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர். அவரும் ஷேர் பார்க்கத்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். மானிட்டர் பெரிதாக வேண்டும், ஸ்பீக்கர் அதைவிடப் பெரிதாக வேண்டும் என்று அடம்பிடித்தார். ஷேருக்கு எதற்கு ஸ்பீக்கர் என்று கேட்டால், இன்னும் பெரிதாகக் காட்டச் சொன்னார். யூபிஎஸ் மட்டும் சின்னதே போதும் என்றுவிட்டார். பத்து நாள் கழித்து, தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது என்று போன். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் வீட்டிலேயே இல்லை. தோப்புக் கிணற்று மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், உரமூட்டை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. வீட்டில் வோல்டேஜ் குறைவு, இங்கேதான் மும்முனைக் கரண்ட் வருகிறது என்று தூக்கி வந்துவிட்டாராம். டெலிபோன் வயரைக்கூடத் தென்னைக்குத் தென்னை கட்டி இழுத்திருந்தார்! மோட்டார் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் யூபிஎஸ் வீல் என்று கத்தி, உயிரை விட்டது.

கம்ப்யூட்டருக்கு அவ்வளவு கரண்ட் வேண்டாம், ஏறி இறங்காமல் வந்தால் போதும் என்று தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இளநீர் ஒன்றைச் சீவி என் கையில் கொடுத்தார். "ஏனுங்க அம்மிணி, இம்புட்டு நோஞ்சானா இருக்கறதயா என்ற தலைல கட்டுனீங்க?"

வேலைக்குப் போகும் பிள்ளை

ஆகவே ஸ்டீபன் அண்ணனுக்கு மற்றதை எல்லாம் நடுத்தரமாக வைத்து, யூபிஎஸ்ஸை மட்டும் பெரிதாகப் போட்டேன். அடுத்தது எந்த சிஸ்டம் ஏற்றுவது என்ற சண்டை. புரோக்கர் ஆபீசில் விண்டோஸ் 98 பார்த்துப் பழகியவர், அதையே போடச் சொன்னார். அது நடுவில் உறைந்து நின்றுவிடும், அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பிதான் தாங்கும், அதற்கு மெமரி கூடுதலாக வேண்டும் என்றேன். மெமரி விற்பதற்காக நான் சொல்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். ரோசம் வந்து, காசே வேண்டாம் என்று இலவச சிஸ்டமான லினக்ஸை ஏற்றிக் காட்டினேன். எனக்கு அதன் மேல் தனிப் பிரியம், மறைப்பானேன். பூப்போல எழுந்து வந்தது. ஆனால் புரோக்கரின் ஷேர் பக்கம் அதில் திறக்கவே மாட்டேன் என்றது. நான் ஒரு மணி நேரம் போராடினேன். அவர் டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்துவிட்டு, எக்ஸ்பிக்கே தலையாட்டினார். "உன் லினக்சு நல்ல பிள்ளையா இருக்கலாம் தாயி. எனக்கு வேலைக்குப் போற பிள்ளைதான் வேணும்."

மந்திரிப்பு

திங்கட்கிழமை காலை சாணார்பட்டியில் அவர் வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். அவரால் குனிய முடியாது என்பதால் கேபினெட்டையும் மேஜை மேலேயே வைத்தேன். அவர் மனைவி ரோஸி அக்கா அதன் மேல் ஒரு புதுத் துண்டைப் போர்த்தினார். சூடாகிவிடும், எடுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, "செத்த நேரம் இருக்கட்டும்மா, ஃபாதர் வாராரு" என்றார். புது வீடு, புது வண்டி என்று எதையும் ஃபாதரை வைத்துச் செபம் சொல்லி மந்திரித்த பிறகுதான் தொடுவார்கள். கம்ப்யூட்டரும் அதில் சேர்த்தி என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஃபாதர் தங்கமான மனிதர். நிதானமாகச் செபம் சொன்னார். ஊன்றுகோலோடு மாடி ஏறிய இந்த மகனின் கைகளுக்கு இனி வேலை கொடும் ஆண்டவரே என்று அவர் சொன்னபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைப்பதற்குள் செம்பிலிருந்த தீர்த்தத்தை வீசிவிட்டார். அதுவும் லாரியை மந்திரிக்கிற வீச்சு! கேபினெட்டைத் துண்டு காப்பாற்றியது. மானிட்டர் முகத்தில் நாலு துளிதான். மேஜை விளிம்பில் இருந்த கீபோர்டு மட்டும் குளித்து எழுந்தது. கவிழ்த்தேன், உதறினேன், ரோஸி அக்கா விசிறினார். எந்த எழுத்தைத் தட்டினாலும் ஒன்றும் வரவில்லை. சந்தை திறக்க இருபது நிமிஷம்கூட இல்லை. வேறு கீபோர்டு திண்டுக்கல்லில் என் கடையில் இருக்கிறது. ஸ்டீபன் அண்ணன் சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அதிகமாப் போச்சோம்மா?"

எலியைப் பிடித்தபடி

பாஸ்வேர்டு அடிக்காமல் ஷேர் பக்கம் உள்ளே விடாது. அடிக்கக் கீபோர்டு இல்லை. அழுகை வருகிற நேரத்தில்தான் ஞாபகம் வந்தது: எக்ஸ்பிக்குள்ளேயே ஒரு கீபோர்டு உண்டு. திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக வரும், மௌசால் தொட்டால் போதும். ஒரே ஒரு தடவை பார்த்து, இதெல்லாம் யாருக்கு என்று மூடியிருக்கிறேன். மெனுவுக்குள் மெனுவாகத் தேடிப் பிடித்தேன். திரையில் அது விரிந்ததும் ரோஸி அக்கா ஸ்தோத்திரம் சொன்னார்.

நான் தொடப் போனேன். ஸ்டீபன் அண்ணன் என் கையை விலக்கிவிட்டு மௌசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தொட்டார். பக்கம் திறந்தது. சந்தையும் திறந்தது. தனக்குப் பிடித்த கம்பெனியில் பத்தே பத்து ஷேர் கேட்டு, பட்டனை அழுத்தினார். வாங்கியாயிற்று என்று திரையில் வந்தது. யாரிடமும் கத்தாமல், ஒரு படிகூட ஏறாமல் அவர் செய்த முதல் வியாபாரம். எனக்கு அப்போது வந்த சந்தோஷம் கம்ப்யூட்டர் விற்றதில் ஒருநாளும் வந்ததில்லை.

பிறகு, இந்தத் திரைக் கீபோர்டை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். கை முடியாதவர்களுக்காக வைத்தது என்றேன். அவர் சுவரோரம் இருந்த ஊன்றுகோலை ஒரு தடவை பார்த்தார், திரையைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "கை முடியாதவங்களுக்குன்னு வச்சானா? கால் முடியாதவனுக்கும் ஆகுதே தாயி!"

அவர் அந்த மாடிப்படியில் மறுபடி ஏறவேயில்லை. நான்தான் அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தச் சாமி துணை இருந்தாலும், பையில் இரண்டு கீபோர்டாக எடுத்துப் போகிறேன்.