சென்டர் ஹாஃப் மாப்பிள்ளையாகிப் போனபோது

1

சிவத்தின் கலியாணத்தில் எங்கள் அணி முழுவதும் வயிறாரச் சாப்பிட்டது. என்ன இழந்தோம் என்பது, அடுத்த கிழமை அவன் பயிற்சிக்கு வராதபோதுதான் உறைத்தது.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர். பின்னேரங்களில் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பயிற்சியாளர். சிவம் எங்கள் சென்டர் ஹாஃப்; நடுவில் நிற்கும் அவன் காலைத் தொடாமல் பந்து முன்னுக்குப் போகாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவான். பெண்ணுக்கு ஊர் உரும்பிராய். அங்கும் ஒரு கழகம் இருந்தது. குடியிருக்கும் ஊருக்குத்தான் ஆடலாம் என்பது சுற்றுப்போட்டி விதி.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி?" என்று சைக்கிளை மறித்துக் கேட்டேன்.

"முதல் பந்தியிலை இருந்து ரெண்டு தரம் பாயாசம் வாங்கினனீங்கள், மாஸ்டர். அப்ப கேட்டிருக்கலாமே?" என்றான்.

அது போர்க்காலம்; பொருளாதாரத் தடையால் எங்கள் பக்கத்துக்குச் சாமான் வராது. புதுப் பந்தைக் கண்ணால் காணக் கிடையாது. எங்களுடைய ஒரே பந்தில் தோலைவிட ஒட்டுத்தான் அதிகம். அந்த முறை வெல்லும் கழகத்துக்குப் பரிசு, எப்படியோ கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த ஒரு புதுப் பந்து. அது கிடைக்காவிட்டால் கழகத்தை மூடிவிட்டு எல்லாரும் வெங்காயம் நடப் போகலாம்.

2

எல்லாக் கழகமும் ஒன்றோடொன்று ஆடும் முதற்சுற்றிலேயே உரும்பிராயைச் சந்தித்தோம். சிவம் வழக்கம்போல நடுவில் நின்று "தா!" என்று கத்தினான். எங்கள் பின்வரிசை ராசன், தலை நிமிராமலே பந்தை அவன் காலடியில் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்றைக்கு நாங்கள் கொடுத்த பாஸ்களில் அதுதான் திறம். அங்கிருந்து நேரே எங்கள் கோலுக்குப் போனது.

"ஏன்ரா அவனுக்குக் குடுத்தனி?"

"அண்ணை கேட்டவர், மாஸ்டர். குடுத்துப் பழகிப்போச்சு."

தோற்றோம். ஆனால் மற்ற ஆட்டங்களை வென்று, தட்டுத்தடுமாறி இறுதிக்கு வந்துவிட்டோம். எதிரே மறுபடியும் உரும்பிராய்.

சிவத்தின் இடத்தில் ராசனின் தம்பியை விட்டுப் பார்த்தேன். இடுப்பில் கைவைத்து நிற்பதில் சிவத்தையே உரித்து வைத்திருந்தான். பந்து வந்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. கடைசியில், பந்தை நடுவால் கொண்டுபோவதையே விட்டேன். இரண்டு ஓரத்து விங்காலும் சின்னச் சின்ன பாஸ். கேட்பவனுக்குப் பந்து இல்லை, ஓடுபவனுக்குத்தான். ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

தோட்டத்துக்குப் போன ஒருவர் வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், செத்த வீட்டிலை கூட இதைவிடக் கதைப்பினமே!"

3

இறுதியாட்டத்தில் சிவம் "தா, தா" என்று தொண்டை கிழியக் கத்தினான். ராசன் பல்லைக் கடித்துக்கொண்டு விங்குக்கு அடித்தான். சிவம் வலப்பக்கம் ஓடினால் பந்து இடப்பக்கம் நின்றது. தன்னோடு நாங்கள் எப்படி ஆடுவோம் என்பது அவனுக்கு மனப்பாடம். தான் இல்லாமல் எப்படி ஆடுவோம் என்பது தெரியாது. அதுவரை எங்களுக்கே தெரியாதே! ஒரு கோலால் வென்றோம்.

ஆட்டம் முடிய சிவம் வந்து புதுப் பந்தை வாங்கி அமுக்கிப் பார்த்தான். முகம் சரியில்லை.

"உந்த ஓட்டத்தை நான் நிக்கேக்கை ஏன் மாஸ்டர் ஒருத்தரும் ஓடேல்லை?"

"எல்லாருக்கும் சேத்து நீ ஓடினனி, தம்பி," என்றேன். அவனை நினைக்கப் பாவமாக இருந்தது.

புதிதாகப் பயிற்சி கொடுக்க வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். அணியில் ஒரு கெட்டிக்காரன் இருந்தால், இடைக்கிடை அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களை ஓடவிடுங்கள். அவன் கலியாணம் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.