ஏசி குளிரில் நின்றுபோன சரக்கு

கன்ட்ரோல் என்று ஒப்பிட வைக்கும் நல்ல செல்லும் நோயாளியின் செல்லும் ஒரே மாதிரி தெரிந்தால் அந்த டெஸ்ட் குப்பைக்குத்தான். அன்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வேலூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் மைக்ராஸ்கோப் பிரிவு என் பொறுப்பு.

நோயாளி மாதனூர்ப் பக்கத்துக் குழந்தை. கால்கள் விறைத்து, நடக்க முடியவில்லை. தாய் ரேவதி ஷூ கம்பெனியில் பசை தடவியவள். கர்ப்பத்தில் அந்த நெடியை இழுத்ததால்தான் பிள்ளை இப்படி என்று மாமியார் வீட்டில் சொல்லிச் சொல்லி, அவளே நம்பிவிட்டாள். ஜீன் ரிப்போர்ட்டில் ஓர் அடாப்டர் புரதத்தில் மாற்றம் இருந்தது. அதுதான் நோய்க்குக் காரணமா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

செல்லுக்குள் சரக்கெல்லாம் வெசிக்கிள் என்னும் குட்டிப் பைகளில் போகும். எதை எந்தப் பையில் ஏற்றுவது என்று பார்ப்பது அடாப்டர். அது பழுதானால் சரக்கு கோல்ஜி என்ற இடத்திலேயே குவிந்துவிடும். குழந்தையின் தோல் செல்லில் குவிந்திருந்தது, சரி. நல்ல செல்லிலும் அல்லவா குவிந்திருந்தது!

"டெஸ்ட் ஒத்துவரல மேடம். 'உறுதியில்லை'ன்னு எழுதி அனுப்பிடலாமா?" என்றார் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டர்.

எனக்குச் சுருக்கென்றது. "அனுப்பினா அந்தப் பொண்ணு மேலயே பழி நிக்கும் சார். இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்."

வேலூர் வெயிலுக்குப் பயந்து மைக்ராஸ்கோப் அறையில் ஏசியை நடுங்குகிற அளவுக்கு வைப்போம். செல் வளரும் டிஷ்களை அங்கே அடுக்கிவிட்டு, சாப்பிட்டு வந்து ஃபிக்ஸ் செய்வது, அதாவது மருந்து ஊற்றிச் செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்துவது, எங்கள் பழக்கம். இருபது டிகிரியில் கோல்ஜியை விட்டுச் சரக்கு நகராது என்று நாங்கள் எல்லோருமே படித்திருக்கிறோம். நம் அறையிலேயே அது நடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை!

இம்முறை, செல்களை உடல் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பக்கத்திலேயே, சூடு ஆறுமுன் ஃபிக்ஸ் செய்தேன். நல்ல செல்லில் சரக்கு எங்கும் பரவியிருந்தது. குழந்தையின் செல்லில் மட்டும் குவியல். படங்களில் பெயரை மறைத்து டாக்டரிடம் கொடுத்தேன். ஒன்றுகூடத் தப்பாமல் பிரித்துச் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரேவதிக்கும் கணவனுக்கும் படத்தைக் காட்டினேன். "உங்க கம்பெனி பஸ்ஸுல ஆள ஏத்துறவரு வரலன்னா எல்லாரும் ஸ்டாப்புலயே நிப்பாங்கல்ல? இங்கயும் அதான்."

"அப்போ பசை இல்லியா மேடம்?"

"இந்த நோய்க்கும் பசைக்கும் சம்பந்தமே இல்லம்மா. உங்க ரெண்டு பேருகிட்டயும் பழுதான காப்பி ஒண்ணொண்ணு இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. ரெண்டும் குழந்தைக்கு வந்துட்டதால இப்படி."

"என்கிட்ட இருந்துமா?" என்றான் கணவன். தலையாட்டினேன். அவன் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். "அம்மாகிட்ட நான் சொல்றேன் மேடம். இவ சொன்னா நம்ப மாட்டாங்க."

ரேவதி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இந்த நோய்க்கு மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் என் வேலையை நினைத்து அன்றுபோல் நான் என்றும் பெருமைப்பட்டதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கன்ட்ரோல் சரியாக வரவில்லை என்றால் ரிப்போர்ட் எழுதாதீர்கள். 'உறுதியில்லை' என்ற ஒற்றை வார்த்தையோடு யாரோ ஒருத்தி வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.