எச்சில் இலைக்கு ஆள் இல்லை

பந்தி மேற்பார்வை என்பது சம்பளமும் கிடையாத, லீவும் கிடையாத, ராஜினாமா செய்தாலும் யாரும் வாங்கிக்கொள்ளாத ஓர் உத்தியோகம். வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் சபையிலும் அசன விருந்து நடந்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிடும்போது நீங்கள் மட்டும் வியர்த்து விறுவிறுத்து நின்றிருந்தால், நீங்கள் என் இனம். இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது திருவனந்தபுரத்தில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை. இந்த வருஷம் அசனத்துக்கு முன்னால் செயலாளர் தேர்தல் வந்து தொலைத்தது. ஜெயித்தவர் பழவங்காடியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஞானதுரை அத்தான், என் அக்காவின் வீட்டுக்காரர். தோற்றவர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் சூப்பர்வைசராக இருக்கும் செல்வின், என் தங்கை ஜெசியின் வீட்டுக்காரர். சகலைகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. சபை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அசனத்துக்கு அடுத்த ஞாயிறு முதல் தனி ஆராதனை என்று செல்வின் கரமனையில் ஒரு ஹாலையும் பிடித்துவிட்டார். சபை உடைந்தால் அதோடு அக்காவும் தங்கையும் உடைவார்கள். எனக்கு அந்தப் பயம்தான். இரண்டு கட்சிக்கும் பொதுவான ஆள் என்று சொல்லி, பள்ளிக்கூட டீச்சரான என் தலையில் பந்தியைக் கட்டினார் எங்கள் போதகர். அவரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

கறி வாளி

"ஆண்டவரே, என்னை உமது ஊழியக்காரனாக்கும்" என்று ஜெபத்தில் உருகாத ஆள் எங்கள் சபையில் இல்லை. அந்தத் தைரியத்தில், பரிமாற ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். எல்லோரும் கை தூக்கினார்கள். எல்லோருக்கும் வேண்டியது கறி வாளி. காரணம் உங்களுக்கே தெரியும். எலும்பு யாருக்கு, சதை யாருக்கு என்பது கரண்டி பிடிக்கிறவர் கையில் இருக்கிறது. தேர்தல் வருஷத்தில் அது லேசுப்பட்ட அதிகாரமா? அத்தான் கட்சிக்கு ஒரு வாளி, செல்வின் கட்சிக்கு ஒரு வாளி என்று பிரித்துக் கொடுத்துத் தப்பித்தேன்.

ரசத்துக்கும் மோருக்கும் கெஞ்சிக் கூத்தாடி ஆள் பிடித்தேன். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் ஒருவரிடம் தண்ணீர் ஜக்கை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "தப்பா நினைக்கண்டா டீச்சரே. கறின்னா நான் ரெடி. தண்ணின்னா சாப்பிட மட்டும் வாரேன், கேட்டோ."

உள்ளி உரித்தவர்

அசனத்தன்று காலையில் சமையல் கொட்டகைக்குப் போனால், அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கறி வெட்டுகிற கத்தி இரண்டு பக்கமும் இருந்தது. "தோத்தவங்களுக்கு இங்க என்ன சோலி?" என்று ஒரு குரல் வந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கரண்டியைத் தரையில் வீசிவிட்டு எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து ஐயர் லுங்கியும் பனியனுமாக உள்ளே வந்தார். பிரசங்கம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாக்கை இழுத்து வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வடிய வடிய உரித்தார். எழுந்தவர் மெல்ல உட்கார்ந்தார். சமையல்காரர்தான் வாயைத் திறந்தார்: "ஐயரு நடுவுல இருந்து உள்ளி உரிக்காரு, பின்னே எவன் எவனை ஏசுறது? கறிய வெட்டுங்க வே!"

எந்தப் பக்கம்?

முதல் பந்திக்குப் பாய் விரித்தோம். யாரும் சொல்லாமலே வலது பக்கம் ஒரு கட்சி, இடது பக்கம் ஒரு கட்சி என்று உட்கார்ந்துவிட்டார்கள். அத்தான் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். செல்வின் பக்கம் மட்டும் அந்தக் கும்பிடு திரும்பவில்லை. பிறகு வந்தது வினை. அத்தான் கட்சியின் கறி வாளி செல்வினுடைய இலை வரைக்கும் வந்து, அங்கிருந்து திரும்பிப் போனது. தீர்ந்து போனதா, வேண்டுமென்றே திரும்பியதா, தெரியாது. செல்வின் வெறும் சோற்றைப் பார்த்தபடி கையை ஊன்றி எழப் போனார். பந்தியில் பாதியில் எழுந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அவர் எழுந்தால் அந்தப் பக்கம் முழுதும் எழும். எழுந்தவர்கள் நேரே கரமனைக்குத்தான்.

இன்னொரு வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். தங்கை வீட்டுக்காரர் என்றும் பார்க்காமல் தோளை அழுத்தி உட்கார வைத்து, இலை கொள்ளாமல் கறியை ஊற்றினேன். பக்கத்தில் இருந்த ஜெசி தலை நிமிராமலே சொன்னாள்: "கறிய ஊத்தி எங்க வாய அடைக்காதே அக்கா. நீ எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

கூடை

இத்தனை ஏற்பாட்டிலும் ஒன்று விட்டுப்போயிருந்தது. எச்சில் இலை எடுக்க ஆள் இல்லை. தோற்றவர்கள் எடுப்பார்கள் என்று ஜெயித்தவர்களும், ஜெயித்தவர்கள் எடுக்கட்டும் என்று தோற்றவர்களும் சும்மா இருந்துவிட்டார்கள். சாப்பிட்டவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். இலைகள் அப்படியே கிடந்தன. கறி தாமதமாக வந்ததால் செல்வின் மட்டும் கடைசி இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் பந்திக்காரர்கள் பசியோடு பின்னால் நின்று கத்த ஆரம்பித்தார்கள். "உங்க ஆளு எடுக்கட்டும்", "உங்க ஆளு எடுக்கட்டும்" என்று பந்தியே இரண்டுபட்டது.

ஐயர் கூடையை எடுத்துக்கொண்டு முதல் இலைக்குக் குனிந்தார். அதைக் கண்டதும் இரண்டு கட்சியும் பதறிப் பாய்ந்தது. "ஐயா, நீங்க எடுக்கப்படாது!" ஆளுக்கு ஒரு கை போட்டுப் பிடுங்கியதில் கூடை ஞானதுரை அத்தான் கையில் வந்து நின்றது. "சந்தோஷம், செயலாளரே" என்று சொல்லிவிட்டு ஐயர் ரச வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அத்தான் சுற்றிப் பார்த்தார். கூடையை வாங்க ஒரு கை நீளவில்லை. கடையில் குடித்த டீ கிளாஸைக்கூட எடுத்து வைக்காத மனிதர். முகம் சிவந்துபோய் அப்படியே நின்றார். கூடையைக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போடவில்லை. குனிந்தார். ஓர் இலை, அடுத்த இலை என்று எடுத்துக்கொண்டே வந்தார். கத்தல் அடங்கியது. அந்த வரிசை எங்கே போய் முடிகிறது என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

செல்வின் இரண்டு கையாலும் தன் இலையை மூடிக்கொண்டார். "மைனி, இவரைப் போகச் சொல்லுங்க" என்றார் என்னிடம். நான் ஒதுங்கி நின்றேன். அத்தான் நகரவில்லை. முட்டி வலிக்காரர், ஒரு கையைத் தரையில் ஊன்றி செல்வின் எதிரே குந்தினார். "சாப்பிட்டாச்சுல்லா? கைய எடுடே" என்றார். தேர்தலுக்குப் பிறகு இருவரும் பேசிய முதல் பேச்சு அதுதான். அது செயலாளரின் குரலாக இல்லை. ஜெசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் செல்வின் கையை எடுத்தார். எடுக்கும்போது குரல் உடைந்தது: "என் எச்சில் எலைய நீரே எடுத்துட்டா, பொறவு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அண்ணாச்சி தனி ஆராதனை நடத்துவேன்?"

ஆகவே, என் இனத்தவரே, அடுத்தவர் எச்சில் இலையை எடுக்கத் தாழ்மை வேண்டும், ஆனால் தன் இலையை எடுக்க விடுவதற்கு அதைவிட அதிகம் வேண்டும், அப்படி விட்ட ஒருவர் அடுத்த ஞாயிறும் எங்கள் ஆலயத்தில்தான் வந்து உட்கார்ந்தார், அன்றைக்கு அத்தானைப் போகச் சொல்லாத என்னோடு மட்டும் இன்னும் பேசுவதில்லை.